தலைக்கு 3,500 ரூபாய்: கடலோர ஒன்றியத்தில் சிறப்புக் கல்வி

புதுக்கோட்டை மாவட்டத்திற்கு உரிய கடற்கரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். அதன் வடமுனையில், தஞ்சாவூர் மாவட்டத்தைக் கடந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பாக் நீரிணையின் கரையில் இருக்கிறது கட்டுமாவடி. மீன்பிடித்தலாலும் மீன் சந்தையாலும் அறியப்படும் இவ்வூரின் அரசுப் பள்ளிகள் மணமேல்குடி ஒன்றியத்தின் நிர்வாகத்திற்குள் வருகின்றன. மணமேல்குடி அதே சாலையில் தெற்கே இருக்கிறது. வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமான அறந்தாங்கி மேற்கே உள்நாட்டில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையை அடைய அறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். பேராவூரணி பக்கத்தில் இருந்தாலும் அது தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மற்றக் குழந்தைகளுக்கு இந்த நிலவியலால் பெரிய தொல்லை இல்லை, ஏனெனில் அவர்களுக்கு வேண்டிய பள்ளி ஊரிலேயே இருக்கிறது. பார்வை, செவி, கை கால், அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் குறைபாடுள்ள குழந்தைக்கோ பள்ளி ஊரிலும், பயிற்சி மணமேல்குடியிலும், மருத்துவச் சான்று மாவட்டத் தலைமையிடத்திலும், கருவிகள் வேறெங்கோவும் என உரிமைகள் சிதறிக் கிடக்கின்றன. அரசு இக்குழந்தைகளுக்காகச் செலவிடும் பணம் எந்தக் கணக்கில் வருகிறது, எந்தக் கணக்கில் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள இப்படிப்பட்ட ஓர் ஓரத்து ஊரிலிருந்து பார்ப்பது தலைநகரிலிருந்து பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

சட்டத்தைப் பொறுத்தவரை இக்குழந்தைகளின் நிலை வலுவானது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. அதற்குப் பதிலாக வந்து 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்பட்டியலை 21ஆக விரித்து, மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம், எழுத்துகளைக் கோத்துப் படிப்பதில் தடுமாறும் கற்றல் குறைபாடு முதலியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே இலவசக் கல்விக்கு உறுதி தர, இச்சட்டத்தின் 31ஆம் பிரிவு 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைக்கு 18 வயது வரை அவ்வுறுதியை நீட்டியதோடு, அக்குழந்தை அருகிலுள்ள பொதுப் பள்ளியில் சேர்வதா, சிறப்புப் பள்ளியில் சேர்வதா என்ற தேர்வையும் குடும்பத்திடமே விட்டது. பொதுப் பள்ளியில் மற்றக் குழந்தைகளோடு அமர வைத்து, வேண்டிய துணையை அங்கேயே கொண்டுவந்து தரும் முறைக்குத் தமிழகக் கல்வித் துறை உள்ளடக்கிய கல்வி என்று பெயர் வைத்திருக்கிறது. 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமங்கா நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு உலகுக்கு முன்வைத்த கொள்கையும், 2007இல் இந்தியா ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் கொள்கையும் இதுவே.

கொள்கை எப்போதும் பணத்திற்கு முன்னே ஓடியிருக்கிறது. நடுவண் அரசு இதற்கென முதல் திட்டத்தை 1974இல் தொடங்கியபோது அது கல்வி அமைச்சகத்தின் பொறுப்பாகக்கூட இருக்கவில்லை. சமூக நல அமைச்சகத்தின் கீழ் இயங்கிய அந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் 1982இல்தான் கல்வித் துறைக்கு மாற்றப்பட்டது. மாற்றுத்திறன் குழந்தையின் படிப்பு நலத்துறையின் வேலையா, கல்வித்துறையின் வேலையா என்ற அந்தப் பழைய தடுமாற்றம் இன்றும் முழுமையாகத் தீரவில்லை என்பதைக் கீழே வரும் கணக்குகள் காட்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபோது சிறப்புத் தேவை கொண்ட குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை செலவிடலாம் என வரையறுக்கப்பட்டது. பின்னர் அது 3,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் குறைந்தது 1,000 ரூபாயைச் சிறப்பாசிரியர்களை அமர்த்தவே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்தது. 2018-19இல் தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, ஆசிரியர் கல்வி ஆகியவற்றுக்கான திட்டங்களை ஒன்றாக இணைத்து உருவான சமக்ர சிக்ஷா, தமிழகத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்ற பெயரில் நடைபெறும் திட்டம், இத்தொகையை 3,500 ரூபாயாக்கி, மழலை வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை நீட்டியது. சிறப்பாசிரியரின் ஊதியம் இப்போது தனித் தலைப்பில் வருகிறது. பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. குறைபாடுகளைக் கண்டறியும் முகாமை ஒன்றியந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை நடத்த 10,000 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. செலவில் 60 விழுக்காட்டை நடுவண் அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க வேண்டும்.

3,500 ரூபாய் என்பதை நாள் கணக்கில் வகுத்தால் பத்து ரூபாய்க்கும் கீழே வரும். கற்றல் துணைக்கருவி, பயிற்சிப் பொருள், போக்குவரத்துப் படி, உடன் வருபவருக்கான படி, பிரெய்ல் நூல், பெற்றோர் பயிற்சி, கருவிகளின் விலையில் இத்திட்டத்தின் பங்கு என அத்தனையும் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். ஒரு குழந்தைக்குச் செலவு குறைந்தால் மிச்சத்தை இன்னொரு குழந்தைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற நெகிழ்ச்சி மாநில அளவில் இருப்பதால்தான் இது ஓரளவு ஓடுகிறது. ஆனால் தொகையின் சிறுமையைவிட அது கணக்கிடப்படும் முறைதான் கட்டுமாவடி போன்ற ஊர்களைப் பாதிக்கிறது. பணம் தலையை எண்ணி வருகிறதே தவிர, அக்குழந்தையைச் சென்றடையும் தொலைவை எண்ணி வருவதில்லை. நகரத்துப் பள்ளியொன்றில் ஒரே கூரையின் கீழ் படிக்கும் பத்துக் குழந்தைகளுக்கும், கடற்கரை நெடுகப் பத்துச் சிற்றூர்களில் ஆளுக்கொரு பள்ளியில் படிக்கும் பத்துக் குழந்தைகளுக்கும் வரும் தொகை ஒன்றே. முதல் பத்துப் பேரிடம் ஒரு சிறப்பாசிரியர் நாள் முழுவதும் இருக்க முடியும். இரண்டாவது பத்துப் பேரைச் சுற்றிவர அவருக்கு ஒரு வாரம் போதாது, அதிலும் பாதி நேரம் பேருந்து நிறுத்தத்தில் கழியும்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு தொகை உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது ஆண்டுக்கு 24,000 ரூபாய். அதே துறை தரும் கல்வி உதவித்தொகையும் அண்மையில் இரட்டிப்பாக்கப்பட்டு, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 2,000, எட்டாம் வகுப்பு வரை 6,000, பன்னிரண்டாம் வகுப்பு வரை 8,000 ரூபாய் என நிற்கிறது. குடும்பத்தின் கையில் பணம் சேர்வது நல்லதே; பராமரிப்புக்காக வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் தாய்க்கு 2,000 ரூபாய் போதாது என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் குழந்தையைப் பராமரிப்பதற்கு அரசு ஒதுக்கும் தொகையில் ஏழில் ஒரு பங்குதான் அதன் கற்றலுக்கான துணைச்செலவு என்றால், அக்குழந்தை படிக்கும் என்ற நம்பிக்கையைவிட வீட்டில் இருக்கும் என்ற அனுமானமே வரவு செலவுத் திட்டத்தில் வலுவாக இருக்கிறது என்றுதான் பொருள்.

பணம் வந்து சேரும் வழியும் எளிதில் முறியக்கூடியது என்பது 2024-25ஆம் கல்வியாண்டில் தெரிந்தது. பி.எம். ஸ்ரீ எனப்படும் மாதிரிப் பள்ளித் திட்டத்திற்கான ஒப்பந்தத்தில், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டியிருப்பதால் கையெழுத்திட முடியாது எனத் தமிழக அரசு நிலைப்பாடு எடுத்ததையடுத்து, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழகத்திற்கு உரிய சுமார் 2,152 கோடி ரூபாயை நடுவண் அரசு விடுவிக்கவில்லை. 2025 மே மாதத்தில் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மொழிக் கொள்கை பற்றிய வாதங்கள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தை நிரப்பிய அம்மாதங்களில், இதே கணக்கிலிருந்துதான் சிறப்பாசிரியர்களின் ஊதியமும் சக்கர நாற்காலிக்கான பங்குத்தொகையும் வர வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. எந்தக் கட்சியின் பக்கம் நியாயம் என்ற கேள்வி ஒருபுறமிருக்க, சட்டம் உரிமையாக வழங்கிய ஒன்றைத் திட்டத்தின் பணமாக வழங்குவதில் உள்ள இடர் இதுதான். உரிமைக்கு நிபந்தனை கிடையாது, திட்டத்திற்கு உண்டு.

ஒன்றிய அளவில் இத்திட்டத்தின் முகம் வட்டார வள மையம். மணமேல்குடியில் இயங்கும் மையத்தைப் போலவே ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு மையம் இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது இதன் பொதுவேலை என்றாலும், சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இங்கிருந்தே செயல்படுகின்றனர். தசைகளுக்குப் பயிற்சி தந்து நடையையும் இருக்கையையும் சீராக்குபவரே இயன்முறை மருத்துவர்; பெரும்பாலும் ஒன்றியத்திற்கு ஒருவர் என்ற அளவிலேயே இவர்கள் இருக்கிறார்கள். பொதுப் பள்ளிக்கு உடனே செல்ல இயலாத குழந்தைகளுக்காக இம்மையத்தில் பள்ளி ஆயத்தப் பயிற்சி மையம் நடத்தப்படுகிறது. தானே உண்ணவும், கழிப்பறையைப் பயன்படுத்தவும், ஓரிடத்தில் அமர்ந்து கவனிக்கவும் பழக்கி, பள்ளிக்கு அனுப்பும் நிலைக்குக் கொண்டுவருவது இதன் நோக்கம். நோக்கம் சிறப்பானது. ஆனால் நடக்க இயலாத எட்டு வயதுக் குழந்தையைக் கட்டுமாவடியிலிருந்து நாள்தோறும் காலையில் பேருந்தில் ஏற்றி இறக்கி, மாலை வரை காத்திருந்து அழைத்துவரப் பெரியவர் ஒருவர் வேண்டும். மீன் தொழிலில் இருக்கும் குடும்பங்களில் ஆண்கள் இரவில் கடலுக்குச் சென்று விடியலில் கரை சேர்கிறார்கள். பெண்கள் ஏலத்திலும் தரம் பிரிப்பதிலும் விற்பனையிலும் ஈடுபடுவது அந்த விடியலில்தான். அலுவலக நேரத்தை மனத்தில் வைத்து அமைந்த மையம் இக்குடும்பங்களின் நாளோடு பொருந்துவதில்லை. உடன் வருபவருக்கான படி பேருந்துச் செலவை ஈடுகட்டலாம், இழந்த கூலியை ஈடுகட்டாது.

சிறப்பாசிரியர் என்ற பணியின் நிலையைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம், ஏனெனில் மற்ற எல்லாம் இவரை நம்பியே நிற்கின்றன. பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு எனத் தனித்தனித் துறைகளில் பட்டயமோ பட்டமோ பெற்று, 1992ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரே இப்பணிக்குத் தகுதியுடையவர். பிரெய்ல் கற்றுத் தரும் பயிற்சி பெற்றவர் சைகை மொழியும் அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது கண் மருத்துவரிடம் காது அறுவை செய்யச் சொல்வதற்கு ஒப்பானது. ஆயினும் ஒன்றியங்களில் நடப்பது பெரும்பாலும் அதுதான். தமிழகத்தில் இவர்கள் ஏறத்தாழ இருபதாண்டுகளாகத் தொகுப்பூதியத்தில், அதாவது அகவிலைப்படி முதலியவை இல்லாத மொத்தச் சம்பளத்தில், ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் ஒப்பந்தத்தில் பணியாற்றி வருகிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் நடத்திய போராட்டங்கள் பல.

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த, இதே தகுதியுடைய ஆசிரியர்கள் தொடுத்த ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று அளித்த தீர்ப்பு இந்நிலையை மாற்றும் வாய்ப்பைத் திறந்தது. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அடுத்த ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் இவ்விகிதம் சேர்க்கப்பட்டது. ஆனால் மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்குவதில் காட்டிய மெத்தனத்தால், 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் பணியிடங்களை அறிவிக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. நிரந்தரப் பணியிடம் வந்தால் சிறப்பாசிரியர் ஒரே ஒன்றியத்தில் ஆண்டுக்கணக்கில் தங்குவார், ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிப்பார்; அது பெரிய மாற்றம்தான். விகிதத்திலோ அதே தலைக்கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு கடலோரத் தொடக்கப் பள்ளியில் இரண்டே குழந்தைகள் இருந்தால் அப்பள்ளிக்கு ஒரு பணியிடமும் வராது. பல பள்ளிகளைச் சேர்த்துத்தான் ஓர் ஆசிரியர் கிடைப்பார், அவரும் மறுபடி பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்பார். ஆட்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் விகிதம் நன்றாக வேலை செய்யும். சிதறி வாழும் இடத்தில், ஒரு குழந்தைக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று வரையறுத்து, அதிலிருந்து ஆள் தேவையைக் கணக்கிடுவதே பொருந்தும்.

குறைபாட்டைக் கண்டறிவதில் தமிழகம் ஓரளவு முன்னேறியிருக்கிறது. 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வாகனத்தில் சென்று குழந்தைகளைப் பரிசோதித்து, ஐயத்திற்குரியவர்களை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புகின்றன. 2022இல் பள்ளிக் கல்வித் துறை அறிமுகப்படுத்திய நலம் நாடி என்ற செயலி, வகுப்பாசிரியரே எளிய கேள்விகளின் வழியாகக் குழந்தைகளிடம் 21 வகைக் குறைபாடுகளின் அறிகுறிகளைக் கண்டு பதிவு செய்ய உதவுகிறது. ஒன்றிய அளவில் நடைபெறும் மருத்துவ மதிப்பீட்டு முகாமில் எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம், குழந்தை நலம் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் ஒரே நாளில் அமர்ந்து குழந்தைகளைப் பார்த்து, குறைபாட்டின் விழுக்காட்டை முடிவு செய்கிறார்கள். இந்த முகாம் மணமேல்குடியில் நடக்கும் நாள் கடலோரக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே பயனுள்ளது. புதுக்கோட்டை வரை பல முறை அலைவதை அது மிச்சப்படுத்துகிறது. அன்று வர இயலாதவர்களுக்கு அடுத்த முகாம் வரை காத்திருப்பது அல்லது மாவட்ட மருத்துவமனைக்குச் செல்வது என்ற இரண்டு வழிகள்தான் மிஞ்சும்.

40 விழுக்காடு என்ற வரம்பு இங்கே குறுக்கிடுகிறது. கால் ஊனம் போன்ற கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய குறைபாடுகளுக்கு இவ்வரம்பைப் பொருத்துவது எளிது. ஒரு காது மட்டும் மந்தமாக இருக்கும் குழந்தையோ, எழுத்துகள் இடம் மாறித் தெரியும் குழந்தையோ இவ்வரம்புக்குக் கீழே நின்றுவிடக்கூடும். வகுப்பறையில் அக்குழந்தைக்கு உதவி வேண்டும், ஆனால் சான்றிதழ் இல்லாமல் கணக்கில் வராது. கற்றல் குறைபாடு சட்டத்தில் இடம்பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் கிராமப் பள்ளிகளில் அது பெரும்பாலும் மந்தம், சோம்பல், கவனமின்மை என்ற பெயர்களிலேயே வலம் வருகிறது. சென்னையில் 1990களிலிருந்தே டிஸ்லெக்சியா எனப்படும் இந்த வாசிப்புத் தடுமாற்றம் பற்றிய அமைப்பு இயங்கி வந்தாலும், அந்த அறிவு தனியார் பள்ளிகளைத் தாண்டிக் கடற்கரை ஊராட்சிப் பள்ளிகளுக்கு வந்து சேர்வது மெதுவாகவே நடக்கிறது. 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு, சொல்வதை எழுதும் உதவியாளர் ஆகிய சலுகைகள் உள்ளன. ஆனால் பத்தாண்டுகள் கண்டறியப்படாமல் இருந்த குழந்தை தேர்வு நெருங்கும்போதுதான் சான்றிதழ் தேடி ஓடுகிறது.

கருவிகள் வழங்குவது அரசுக்கு எளிதாக வருகிறது. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிம்கோ என்ற நடுவண் அரசு நிறுவனம் சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, மூளை முடக்குவாதக் குழந்தைக்கான தனிவகை நாற்காலி, காலைத் தாங்கும் காலிபர், காதொலிக் கருவி ஆகியவற்றைச் செய்து வழங்குகிறது; விலையில் 60 விழுக்காட்டை நடுவண் அரசின் உதவிக் கருவித் திட்டமும் 40 விழுக்காட்டைக் கல்வித் திட்டமும் ஏற்கின்றன. அளவெடுக்க ஒரு முகாம், பொருள் வந்தபின் வழங்க ஒரு விழா, அதில் ஒரு புகைப்படம் என இந்த ஏற்பாடு நிர்வாகத்திற்கு மிகவும் பொருந்திப்போகிறது. சிக்கல் அதற்குப் பின்தான் தொடங்குகிறது. கடற்காற்றின் உப்பு இரும்பை விரைவில் அரிக்கும். மணற்பாங்கான தெருவில் சக்கரம் புதையும். வளரும் குழந்தைக்கு அளவெடுத்துச் செய்த காலிபர் ஓராண்டில் இறுகிப்போகும். காதொலிக் கருவியின் மின்கலம் தீர்ந்தால் புதிது வாங்கக் கடை பக்கத்தில் இராது. பழுது நீக்குபவரும் மறு அளவெடுப்பவரும் இல்லாத இடத்தில் கருவிகள் வீட்டின் மூலைக்குப் போய்விடுகின்றன. பள்ளிக் கட்டடங்களிலும் இதே போக்கு உண்டு. நுழைவாயிலில் சாய்தளம் கட்டப்பட்டு, கைப்பிடியும் பொருத்தப்பட்டு, இணையப் பதிவில் உண்டு என்ற பெட்டியில் குறியும் இடப்பட்டிருக்கும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்ற சரிவு விதி காக்கப்பட்டதா, சத்துணவுக் கூடத்திற்கும் கழிப்பறைக்கும் செல்லும் வழியில் படி இருக்கிறதா என்பதற்கு அந்தப் பெட்டியில் இடமில்லை.

பொருளுக்கும் ஆளுக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வு மிகத் தெளிவாகத் தெரிவது செவித்திறன் விஷயத்தில்தான். பிறவியிலேயே கேட்காத, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உட்செவியில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. பல இலட்சம் ரூபாய் செலவாகும் இச்சிகிச்சையை ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்வதில் தமிழகம் நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. அறுவைக்குப் பின் குழந்தைக்கு ஒலி கேட்கத் தொடங்கும், ஆனால் அது பேச்சாக மாறுவதற்கு வாரந்தோறும், ஓராண்டுக்கும் மேலாக, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அக்குழந்தையோடு அமர வேண்டும். திட்டத்தில் அப்பயிற்சிக்கு இடமுண்டு. பயிற்சியாளர்களோ பெருநகரங்களிலும் மருத்துவக் கல்லூரி நகரங்களிலும்தான் இருக்கிறார்கள். இலட்சக்கணக்கில் செலவிட்டுப் பொருத்திய கருவியின் பலன் சில நூறு ரூபாய் பேருந்துக் கட்டணத்தில் தடுக்கி நிற்பது வேதனையான கணக்கு.

மிகக் கடுமையான, பல வகைக் குறைபாடுகள் சேர்ந்த குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வி என்ற ஏற்பாடு இருக்கிறது. 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை நலிவுற்ற பிரிவில் சேர்த்ததோடு, இத்தகையோர் விரும்பினால் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையையும் தந்தது. குழந்தையின் பெயர் அருகிலுள்ள பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கும். சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் முறை வைத்து வீட்டிற்கு வந்து பயிற்சி தருவார்கள். படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மாற்றுத்திறனாளி அமைப்புகள் இதை ஐயத்தோடு பார்ப்பதற்கும் காரணம் உண்டு: பள்ளியில் சமாளிக்கக் கடினமான குழந்தையை வீட்டுவழிப் பட்டியலுக்கு நகர்த்திவிடுவது பள்ளிக்கு எளிது, குடும்பத்திற்கும் அலைச்சல் குறைவு, பதிவேட்டிலும் சேர்க்கை முழுமையாகத் தெரியும். வாரத்தில் ஒரு மணி நேரம் யாரோ வந்து போவதைப் பள்ளிப்படிப்பு என்று அழைக்க முடியுமா என்ற கேள்வியை அப்பதிவேடு கேட்பதில்லை. விருப்பம் என்று சட்டம் சொன்னது வேறு வழியின்மையாக மாறும் இடங்களில், யாருடைய விருப்பம் என்று வட்டாரக் கல்வி அலுவலர் விசாரிப்பது அவருடைய கடமை.

சிறப்புப் பள்ளி என்ற வழியும் இன்னும் மூடவில்லை. தமிழ் மண்ணில் இதன் வரலாறு பழையது. பாளையங்கோட்டையில் கிறித்தவ மிஷனரிப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். இன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பூந்தமல்லி, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் விடுதியோடு கூடிய அரசுச் சிறப்புப் பள்ளிகளை நடத்துகிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு மானியமும் தருகிறது. செவித்திறன் அற்ற குழந்தைக்கு, சைகை மொழியில் தன்னோடு பேசும் நூறு குழந்தைகள் இருக்கும் தஞ்சாவூர் விடுதி, யாரும் தன் மொழி அறியாத ஊர்ப் பள்ளியைவிட உண்மையில் உள்ளடக்கிய இடமாக இருக்கக்கூடும். உள்ளடக்கிய கல்வியின் ஆதரவாளர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள ஆறு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்புவதற்கு அதே வாதம் பொருந்தாது. எந்தக் குழந்தைக்கு எது என்பதைக் குறைபாட்டின் வகை தீர்மானிக்க வேண்டும். நடைமுறையிலோ பெரும்பாலும் எது அருகில் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

வெளிநாடுகள் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டன என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1975இல் இக்கல்வியை உரிமையாக்கியபோது, ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 விழுக்காட்டைத் தான் தருவதாகச் சட்டத்தில் குறித்தது. வழக்கமான ஆண்டுகளில் அதில் பாதியைக்கூட அது எட்டுவதில்லை, மீதியை மாநிலங்களும் உள்ளூர்ப் பள்ளி வாரியங்களும் சுமக்கின்றன. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேவை அதிகமுள்ள குழந்தைகளுக்குத் தனித் திட்ட ஆவணம் எழுதப்படுகிறது. அதில் வாரத்தில் இத்தனை மணி நேரம் பேச்சுப் பயிற்சி என்று எழுதிவிட்டால் உள்ளாட்சி அதைச் செய்தே தீர வேண்டும், செய்யாவிட்டால் பெற்றோர் நீதிமன்றம் செல்லலாம். அதன் விளைவாகப் பல உள்ளாட்சிகள் கடனில் மூழ்கியிருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் அங்கே பற்றாக்குறை கணக்குப் புத்தகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. இங்கே அது குடும்பத்தின் அலைச்சலாகவும் தாயின் இழந்த கூலியாகவும் கரைந்து, எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகிறது. இத்தாலி 1977லேயே இக்குழந்தைகளைப் பொது வகுப்பறைக்குக் கொண்டுவந்து, துணை ஆசிரியர் என்ற பணியை அந்த வகுப்பறைக்கே ஒதுக்கியது. பொருளைவிட ஆளை முதலில் வைத்த திட்டம் என்ற வகையில் தமிழகம் படிக்க வேண்டியது அதைத்தான்.

தமிழகத்தில் இப்போது உலக வங்கியின் கடனுதவியோடு சுமார் 1,700 கோடி ரூபாயில் நடைபெறும் உரிமைகள் திட்டம், விழுதுகள் என்ற பெயரில் பல சிகிச்சைகளையும் ஓரிடத்தில் தரும் சேவை மையங்களையும், சிகிச்சைக் கருவிகளோடு ஊர் ஊராகச் செல்லும் வாகனங்களையும் படிப்படியாக ஏற்படுத்தி வருகிறது. தொலைவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் பெரிய முயற்சி என்று இதைச் சொல்லலாம். ஆனால் இது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் திட்டம், வட்டார வள மையம் பள்ளிக் கல்வித் துறையின் அமைப்பு. ஒரே குழந்தையைப் பற்றி இரு துறைகளிலும் இரு கோப்புகள் இருக்கும். விழுதுகள் வாகனம் ஊருக்கு வரும் நாளும் சிறப்பாசிரியர் பள்ளிக்கு வரும் நாளும் ஒன்றாக அமைந்தால் ஒருவர் சொன்ன பயிற்சியை மற்றவர் தொடரலாம். இதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை, இரு துறை அலுவலர்களும் ஒரு நாட்காட்டியைப் பகிர்ந்துகொண்டால் போதும். 1974இல் எந்த அமைச்சகம் என்று தொடங்கிய கேள்வி ஒன்றிய அலுவலகத்தின் மேசை வரை இறங்கி வந்திருக்கிறது.

குடும்பங்களின் கையில் இருக்கும் வழிகள் குறைவுதான், எனினும் உண்டு. பள்ளியின் தகவல் மேலாண்மைப் பதிவான எமிஸில் குழந்தையின் குறைபாடு சரியான வகையில் பதிவாகியிருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்வது முதல் வேலை, ஏனெனில் தலையை எண்ணி வரும் பணத்தில் பதிவாகாத தலைக்குப் பங்கில்லை. அடுத்தது நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டை. அரசு மருத்துவமனையிலோ ஒன்றிய முகாமிலோ பெறும் மதிப்பீட்டின் அடிப்படையில் இது வழங்கப்படுகிறது, கல்வி உதவித்தொகை முதல் பேருந்துச் சலுகை வரை இதையே கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய அளவில் இடம் தரப்பட வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோரும் அதில் அடங்குவர். சிறப்பாசிரியர் எந்தெந்தக் கிழமையில் வருவார், வராத வாரத்திற்கு ஈடு என்ன, சத்துணவுக் கூடத்தின் படியை யார் சரிசெய்வது என்பவற்றைத் தீர்மானமாக எழுதி, வட்டார வள மையத்திற்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்ப அந்தக் குழுவுக்கு உரிமை உண்டு.